பச்சை வாசனை போகும் வரை

‘பச்சை வாசனை போகும் வரை வதக்கவும்.’ தமிழில் அச்சேறிய சமையல் குறிப்புகளில் இந்தத் தொடர் இல்லாத பக்கத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இஞ்சி பூண்டு விழுதைப் போட்டதும் ஒருமுறை வரும்; தக்காளி போட்டதும் ஒருமுறை; மிளகாய்த்தூளும் தனியாத்தூளும் சேர்த்த பிறகு இன்னொரு முறை. அதைப் படித்தும் பிறருக்குச் சொல்லியும் வந்த இத்தனை காலத்தில், அது என்னதான் சொல்கிறது என்று நின்று யோசித்ததில்லை. சென்னையின் மேற்குப் புறநகரான கொரட்டூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு பையன் குடியிருக்கிறான். ஊர் கோவில்பட்டிப் பக்கம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் கரண்டியோடு இறங்கி வந்து கேட்டான்: “அக்கா, பச்சை வாசனைன்னு போட்டிருக்கே, அது எந்த வாசனை? போயிருச்சுன்னு எப்படிக்கா தெரியும்?” மூக்கைக் குத்துகிற நெடி அடங்கிச் சமைத்த வாசனை வரும் என்றேன். தலையாட்டிவிட்டுப் படியேறிப் போனான். அன்று அவன் வைத்த குழம்பு எப்படி வந்தது என்பது எனக்கு நினைவில்லை. என் பதில்தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. சமைத்த வாசனை எது என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால், பச்சை வாசனை போன பிறகு வருவது என்றுதான் சொல்லியிருப்பேன். யாரோ ஒருவரின் பக்கத்தில் நின்று அது போவதை முகர்ந்து பார்த்தவர்களுக்கு மட்டும் விளங்கும் ஒரு வாக்கியத்தை, முகராதவர்களுக்கு விளக்கம் என்று கொடுத்துக்கொண்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் அப்போது தொடங்கியது.

நம் சமையல் வினைகள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. மலர வேகவை, குழைய வேகவை, மைய அரை, சுருள வதக்கு, சிவக்க வறு, முறுகச் சுடு, சுண்டக் காய்ச்சு, இறுகக் கிளறு. முன்னால் நிற்கும் சொல்லை இலக்கணக்காரர்கள் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பார்கள். வகுப்பறையில் மனப்பாடம் செய்து மறந்த அந்த வாய்பாடு அடுப்படியில் பெரிய வேலை பார்க்கிறது. வேகவைப்பவள் நான், மலர்வது பருப்பு. வதக்குவது நான், சுருள்வது கத்தரிக்காய். ஆணை எனக்கு இடப்படுகிறது, அதை எப்போது நிறுத்துவது என்ற முடிவோ சட்டியில் கிடக்கும் பொருளின் கையில் இருக்கிறது. கூட்டுக்குப் பாசிப்பருப்பு மலர வேண்டும்: ஒவ்வொரு பருப்பும் வாய் பிளந்து, ஆனாலும் தனித்தனியாக. சாம்பாருக்குத் துவரம்பருப்பு குழைய வேண்டும்: கரண்டியின் முதுகால் ஒரு அழுத்து அழுத்தினால் பருப்பென்று எதுவும் மிஞ்சக் கூடாது. சுண்டலுக்குக் கொண்டைக்கடலை நசுக்கினால் நசுங்க வேண்டும், தோல் கழன்றுவிடக் கூடாது. எத்தனை நிமிடம் என்று எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. போன வருடத்துப் பருப்பு ஒரு நேரம் கேட்கும், புதுப் பருப்பு ஒரு நேரம் கேட்கும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். கடினத் தண்ணீரில் இருக்கும் சுண்ணச்சத்து பருப்பின் செல் சுவரை இறுக்கிவிடுவதால் அது இளக மறுக்கும். அதனால்தான் கொரட்டூரிலும் பாடியிலும் பருப்புக்கு மட்டும் மெட்ரோ தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். ‘இருபது நிமிடம்’ என்று அச்சிட்ட குறிப்பு இந்தத் தெருவில் ஒரு வீட்டில் பலிக்கும், அடுத்த வீட்டில் பலிக்காது. ‘மலர’ என்ற சொல் இரண்டு வீட்டிலும் பலிக்கும். அந்தச் சொல்லின் மேல் எனக்குள்ள மதிப்பு இவ்வளவு. அதே சொல் கற்க வந்தவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது என்பதும் இதே அளவுக்கு உண்மை. மலர்ந்த பருப்பை ஒருமுறையாவது பார்த்திராதவனுக்கு ‘மலர’ என்பது வெறும் அழகான சொல்.

வறு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தனியாவை வறு என்றால் வெறும் சட்டியில். ரவையை வறு என்றால் ஒரு வீட்டில் வெறுமனே, ஒரு வீட்டில் நெய் விட்டு. முந்திரியை வறு என்றால் நெய்யில். மீனை வறு என்றால் எண்ணெயில், அதுவும் சென்னையில். திருநெல்வேலிப் பக்கம் போனால் அதே மீனைப் பொரிப்பார்கள். உருளைக்கிழங்கு வறுவலில் பாதி வேலை வதக்கல். அப்பளத்தைப் பொரிக்கலாம், சுடலாம்; இரண்டும் இரண்டு அப்பளம். தோசையைச் சிலர் வார்ப்பார்கள், சிலர் ஊற்றுவார்கள், சிலர் சுடுவார்கள். மூவருக்கும் வருவது ஒரே தோசை. சோற்றை ஆக்குகிறவர்கள், வடிக்கிறவர்கள், பொங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே பேருந்தில் அம்பத்தூர் ஓ.டி.யில் இறங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் கறியைக் காய்ச்சுவார்கள். நம் பக்கம் பாலைத்தான் காய்ச்சுவோம், சில மாவட்டங்களில் குழம்பையும். தமிழ் முஸ்லிம் வீடுகளில் குழம்பு ஆணம். வைணவ வீடுகளில் ரசம் சாத்தமுது. இவற்றைத் தொகுத்து ஒரு பட்டியல் போட்டு, எதிரே பொருள் எழுதிவிட்டால் கற்பவருக்கு வழி பிறக்கும் என்று முதலில் எண்ணினேன். எழுதிப் பார்க்கத் தொடங்கியதும் கை நின்றுவிட்டது. வதக்குதல்: சிறிது எண்ணெயில் இளகும்படி புரட்டுதல். சரிதான், பிழையில்லை. ஆனால் சிறிது என்பது எவ்வளவு, இளகுவது எப்படி இருக்கும், புரட்டுவது நிற்காமலா விட்டுவிட்டா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது. இரண்டும் பேருழைப்பு, இரண்டையும் நான் அன்றாடம் புரட்டுகிறேன். அகராதி ஒரு சொல்லை இன்னொரு சொல்லிடம் கொண்டுபோய் விடும். அடுப்பிடம் கொண்டுபோய் விடுவது அதன் வேலை அல்ல.

1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் சென்னையில் ‘சமைத்துப் பார்’ நூலின் முதல் பாகத்தை வெளியிட்டார். புதிதாகக் கல்யாணமாகி வெளியூர் போன உறவுப் பெண்கள் கடிதம் போட்டுக் கேட்க, இவர் பதில் எழுத, அந்தக் கடிதங்களைப் பார்த்த மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் புத்தகமாகப் போடச் சொன்னார் என்பது அந்தக் குடும்பத்தார் சொல்லிவரும் வரலாறு. அந்தக் கடிதங்களை நினைக்கும்போதெல்லாம் அவற்றைப் பெற்றவர்களைப் பற்றித்தான் யோசிக்கிறேன். தில்லியிலோ பம்பாயிலோ தனியாக அடுப்பு மூட்டிய அந்தப் பெண்களுக்கு அளவு மறந்திருக்கும், முறை மறந்திருக்கும், எதற்குப் பின் எது என்ற வரிசை குழம்பியிருக்கும். பச்சை வாசனை எது என்பது மறந்திருக்காது. பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று முகர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே நூல் அளவைச் சொன்னது, வரிசையைச் சொன்னது. பதத்தை ஒரு சொல்லால் நினைவூட்டிவிட்டு மேலே போனது. அந்த வாசகிக்கு அது போதும். எழுபது ஆண்டுகளாக எல்லாக் குறிப்புகளும் அதே நடையில் வந்துகொண்டிருக்கின்றன, வாசிப்பவர் மட்டும் மாறிவிட்டார். இப்போது குறிப்பைத் தேடுகிறவருக்கு அளவு தெரியும், கையில் தராசுகூட இருக்கிறது. அவருக்கு இல்லாதது அந்த முந்தானை.

அளவுகளின் கதை இதைவிடச் சுலபமாக முடிந்துவிட்டது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. 1956இல் எடை அளவுச் சட்டம் வந்து, அதன்பின் சில ஆண்டுகளில் கடைகளில் கிலோவும் லிட்டரும் நிலைத்தன. ஆழாக்கு போய் டம்ளரும் கப்பும் வந்தன. நெல்லிக்காய் அளவு புளியும் எலுமிச்சை அளவு புளியும் இன்னும் இருக்கின்றன, நல்ல அளவுகள்தான், எந்தக் கடையிலும் காட்டிக் கேட்கலாம். இடையில் ஒரு புதிய அலகு நம் சமையலறைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது: விசில். பருப்புக்கு நாலு விசில், சோற்றுக்கு மூணு விசில், ஆட்டுக்கறிக்கு ஆறேழு. குக்கருக்குள் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏற, நூறு டிகிரியில் கொதித்து நின்றுவிடும் தண்ணீர் நூற்றிருபது டிகிரி வரை போகிறது. அதனால் சீக்கிரம் வேகிறது. விசில் என்பது கூடுதல் அழுத்தம் வெளியேறும் சத்தம், அவ்வளவே. தீ எவ்வளவு, உள்ளே தண்ணீர் எவ்வளவு, வெயிட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் உள்ள இடைவெளி மாறும். மூடி பூட்டியிருப்பதால் பருப்பு மலர்ந்ததா குழைந்ததா என்று எட்டிப் பார்க்க வழியில்லை. குக்கரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விறகடுப்பின் முன் உட்கார்ந்து கண்ணெரிந்த பெண்களுக்கு அது செய்த உபகாரம் பெரிது. ஆனால் ‘குழைய’ என்ற சொல்லை மெல்லமெல்லக் காலியாக்கியதில் அதற்கும் பங்கு உண்டு. குழைவதை இப்போது யாரும் பார்ப்பதில்லை. திறந்தால் குழைந்திருக்கிறது, அல்லது குழையவில்லை.

இந்த மேற்குப் புறநகர் ஒரு விதத்தில் சமைக்கத் தெரியாதவர்கள் வந்து இறங்கும் ஊர். 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்த நாளிலிருந்து மண்ணூர்பேட்டையிலும் பட்டரவாக்கத்திலும் அத்திப்பட்டிலும் தென்மாவட்டத்துப் பையன்கள் அறை எடுத்துத் தங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒடிசா, பீகார், வங்கப் பையன்கள். முன்பெல்லாம் மெஸ்ஸில் சாப்பிட்டார்கள், அல்லது அறையில் மூத்தவர் ஒருவர் சமைக்க இளையவர்கள் வெங்காயம் உரித்தார்கள். அந்த உரித்தலில்தான் கல்வி நடந்தது. இப்போது ஷிஃப்ட் ஆளுக்கொரு நேரம். சின்ன சிலிண்டரும் ஒரு கடாயும் போதும், ஆசிரியர் கைபேசியில் இருக்கிறார். வீடியோவில் பார்த்துச் சமைப்பதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பையன்களின் அம்மாக்கள் ஒருநாளும் அவர்களை அடுப்படிக்குள் விட்டதில்லை, கைபேசி விடுகிறது. என் வருத்தம் வேறு. கேமராவுக்குக் கண் மட்டுமே உண்டு. மணம் அதில் ஏறாது, சூடு ஏறாது, கரண்டி அடியில் தட்டும் கனம் ஏறாது. ஓசை ஏறும், ஆனால் பெரும்பாலும் அதன் மேல் ஒரு பாட்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். மிஞ்சுவது நிறம். பொன்னிறமாக, கண்ணாடி போல, செக்கச் சிவக்க என்று குறிப்புகள் எல்லாம் நிறத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. அறையின் டியூப் லைட்டில் ஒரு பொன்னிறம், வீடியோக்காரரின் விளக்கில் ஒரு பொன்னிறம். அவர் சட்டியில் பொன்னிறம் வந்த நேரத்தில் இவன் சட்டி கருகிக்கொண்டிருக்கும்.

மாடிப் பையனுக்கு எந்தப் பதமும் தெரியாது என்று சொல்ல விடாத ஒரு பொழுதும் உண்டு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவன் வீட்டுக்குப் பக்கத்தில் மிட்டாய் போடுகிற இடம் இருந்ததாகவும், பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் போய் நின்றதாகவும் சொன்னான். வெல்லப் பாகு எப்போது சரியாகும் என்று கேட்டேன். ஒரு நொடி யோசிக்கவில்லை. “தண்ணியில ஒரு சொட்டு விட்டு எடுத்தா சடக்குனு ஒடியணும்க்கா. வளைஞ்சா இன்னும் ஆகல. தட்டுல போட்டா டங்குன்னு கேக்கணும்.” பாகுப் பதம்தான் நம் சமையலில் ஆகக் கடினமானது. கம்பிப் பதம், உருட்டுப் பதம், ஒடியும் பதம் என்று அடுத்தடுத்து வந்து சட்டென்று கடந்துபோகும். பாகிலிருந்து தண்ணீர் வற்ற வற்ற இனிப்பு அடர்ந்து, கொதிநிலை ஏறிக்கொண்டே போகும். சர்க்கரைப் பாகு ஒற்றைக் கம்பி விடும்போது 105 டிகிரியைச் சுற்றி இருக்கும். அதிரசத்துக்கு இளம் உருட்டுப் பதம் தப்பினால் எண்ணெயில் பிரிந்துபோகும், அல்லது கல்லாகும். முப்பது ஆண்டு அடுப்படி அனுபவமுள்ளவர்கள் தீபாவளிக்கு அதிரசப் பாகு வைக்கத் தயங்கி வேறு ஒருவரைக் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். இவனோ எண்ணெய் சூடாகிவிட்டதா என்று தெரியாமல் கடுகைப் போடுகிறவன், பாகின் கடைசிப் பதத்தைக் காதால் சொல்கிறான். சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. நின்று பார்த்தான், அவ்வளவுதான். பதம் சொல்லால் மட்டும் வருவதில்லை என்பதற்கு இது சான்று. சொல் இல்லாமலும் அது தங்குவதில்லை. ‘சடக்கு’, ‘டங்கு’ என்ற இரண்டு சொற்களில்தானே அதை அவன் இத்தனை நாள் வைத்திருந்தான்.

அப்படியானால் பச்சை வாசனையை ஏன் அப்படிச் சொல்ல முடியவில்லை? கொஞ்சம் துருவிப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. பச்சை வாசனை என்று ஒரு வாசனை கிடையாது. நசுக்கிய பூண்டில் அல்லிசின் என்ற பொருள் அப்போதுதான் உண்டாகிறது, நெடி அதனுடையது, சூட்டில் அது சிதைந்து இனிப்புச் சாயல் கொண்ட வேறு மணங்களாகிறது. இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். வெந்தால் அதில் ஒரு பங்கு ஜிஞ்சரோன் என்று மாறிக் காரம் தணிந்து வாசம் கூடுகிறது. வெங்காயத்தின் பச்சை வாசனை கண்ணில் தெரியும். மிளகாய்த்தூளின் பச்சை வாசனை தொண்டையில் தெரியும். கடலைமாவின் பச்சை வாசனை நாக்கில்தான் தெரியும், பயறை மென்ற மாதிரி. இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்து, எல்லாவற்றையும் ‘போகும் வரை’ என்று முடித்துவிட்டோம். குறிப்புகளில் அடுத்து வரும் தொடர் இதைவிட நேர்மையானது: எண்ணெய் பிரிந்து வரும் வரை. மசாலாவில் தண்ணீர் இருக்கும் மட்டும் சட்டியின் சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் ஆவியாகித் தீர்ந்ததும் எண்ணெய் தனித்து ஓரத்தில் மினுங்கும், சூடு எகிறும், அதன் பிறகுதான் வறுபட்ட மணம் பிறக்கும். எல்லைக் கோட்டைக் கண்ணுக்குக் காட்டும் சொல் அது. ஆவடியில் எச்.வி.எஃப். என்னும் டாங்க் தொழிற்சாலையின் குடியிருப்பில் வளர்ந்த ஒருவர் சொன்னார், பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் தன் மொழியில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லி அவர் அம்மாவின் கையைப் பிடித்துச் சட்டி ஓரத்தைக் காட்டுவாராம். எண்ணெய் விடுவதைத்தான் சொல்கிறார் என்பது அம்மாவுக்கு முதல்நாளே புரிந்துவிட்டதாம். 1961இல் அந்த டாங்க் தொழிற்சாலை தொடங்கிய பிறகு இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் குடும்பங்கள் ஆவடிக்கு வந்தன. தெலுங்கில் போபு, கன்னடத்தில் ஒக்கரணெ, இந்தியில் தட்கா, நமக்குத் தாளிப்பு. மொழி புரியாமலே அந்த வீடுகளில் சமையல் கைமாறியிருக்கிறது, ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தார்.

இங்கே நான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆள் இருந்தார் என்று சொல்லும்போது யார் இருந்தார்கள், ஏன் இருந்தார்கள் என்று கேட்காமல் போக முடியாது. பெண்கள் இருந்தார்கள், போக வேறு இடம் இல்லாததால் இருந்தார்கள். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவள் நான். அந்தக் கதை காட்டிய இருட்டான மூலையை மறந்துவிட்டு, முந்தானைக்குப் பின்னால் நின்று கற்ற கல்வியைப் போற்ற என்னால் முடியாது. பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரை இன்று பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆலைகளில் கைபேசி பூட்டுகிறார்கள், விடுதிகளில் தங்குகிறார்கள். அவர்களின் அம்மாக்கள் பதம் கற்ற வயதில் இவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். இதை இழப்பு என்று எழுதினால் என் பேனா வெட்கப்படும். ஆனால் 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே அப்படி ஒரு விடுதியின் சாப்பாடு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், அவர்களின் தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் விடிய விடிய மறியலில் உட்கார்ந்ததும் நடந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது, நல்லது. சமைப்பதிலிருந்து விடுபடுவது ஒன்று, தான் சாப்பிடுவது எப்படிச் சமைக்கப்பட்டது என்று சொல்லும் உரிமையை இழப்பது வேறொன்று. சோறு பழசா, பருப்பு வெந்ததா, எண்ணெய் காறியதா என்பதை மூக்கால் சொல்லத் தெரிவது ஒரு தற்காப்பு. அந்த அறிவு பெண்களோடு பிறந்ததுமில்லை, பெண்களுக்கு மட்டும் கடமையுமில்லை. பிள்ளைகள் எல்லோருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், அது சேர வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு விடையின் தொடக்கம் பூந்தமல்லியில் கிடைத்தது. பார்வைத்திறன் இல்லாத பிள்ளைகளுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி அங்கே இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட, பார்வைத்திறன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கேதான். அந்தப் பக்கம் போனால் வெள்ளைக்கோலோடு சாலையைக் கடக்கும் இளைஞர்களைப் பார்க்காமல் வர முடியாது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை வகுக்கப்பட்டது 1951இல், ‘சமைத்துப் பார்’ வெளிவந்த அதே ஆண்டு. காரையான்சாவடியில் எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை இருக்கிறார், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், தன் வீட்டுக்குத் தானே சமைப்பவர். பொன்னிறம் என்று போட்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி புதிதில்லை. “வெங்காயம் முதல்ல ஈரமா சளசளன்னு பேசும். தண்ணி வத்த வத்தச் சத்தம் சன்னமாகும். அப்புறம் கார நெடி போய் ஒரு இனிப்பு வாசம் ஏறும், அப்ப தக்காளியப் போட்டுடுவேன். அதுக்கு மேல விட்டா கசப்பு வாசம், அதுவும் முன்னாடியே தெரிஞ்சுடும்” என்றார். தோசை ஓரம் கல்லை விடுவது திருப்பியின் நுனிக்குத் தெரியும். வெந்த இட்லியை ஈரவிரலால் தொட்டால் ஒட்டாது. ரசம் கொதிக்கப் போகும் முன் நுரை கட்டும்போது சத்தம் ஒரு கணம் உள்ளடங்கும். அப்போதே இறக்கிவிடுவார், கொதிக்கவிட்டால் மிளகின் வாசமும் மல்லியின் வாசமும் ஆவியோடு போய்விடும். கைப்பிடி மாவை அழுத்தினால் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிர்ந்தால் அது புட்டுப் பதம். அதில் கண்ணுக்கு வேலையே இல்லை. மாடிப் பையன் கேட்ட கேள்விக்கு நான் தந்திருக்க வேண்டிய பதிலின் பெரும்பகுதியை அவர் தன் வெங்காயத்தைப் பற்றிச் சொல்லும்போதே சொல்லிவிட்டார்.

அவர் சொன்னவை எதுவும் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல என்பது வீட்டுக்கு வந்து யோசிக்கும்போது தெரிந்தது. முறுக்குக் குறிப்புகளில் இன்றும் ‘எண்ணெயின் சலசலப்பு அடங்கியதும் எடுக்கவும்’ என்று ஒரு வரி வரும். மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழிட்டு வெளியேறும் மட்டும் சத்தம். தண்ணீர் தீர்ந்தால் சத்தம் தீரும். முறுக்கு மொறுமொறுப்பாகிவிட்டது என்று பொருள். இதைவிடத் துல்லியமான அளவை எந்தக் கடிகாரமும் தராது. கடுகு வெடிக்க, உளுந்து சிவக்க, பெருங்காயம் மணக்க என்று தாளிப்பின் ஒரே வரியில் காதும் கண்ணும் மூக்கும் அடுத்தடுத்து அழைக்கப்படுகின்றன. மாவு பொங்க, கீரை மசிய, அல்வா கையில் ஒட்டாமல் சுருண்டு வர, உலை தளதளக்க, பால் ஆடை கட்ட. மொழியிடம் குறை இல்லை. எழுதுகிற நாம் இந்தச் சொற்களில் கண்ணுக்குரியவற்றை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு, காதுக்கும் கைக்கும் உரியவற்றை எழுதத் தேவையில்லாதவை என்று தள்ளிவிட்டோம். அருகில் ஒருவர் நின்று அவற்றைச் சொல்லிக்கொடுப்பார் என்று நம்பினோம். அந்த ஒருவர் இப்போது இரண்டாவது ஷிஃப்ட்டில் இருக்கிறார், அல்லது நானூறு மைல் தள்ளி ஊரில் இருக்கிறார், அல்லது சமைக்கவே அவருக்கு விருப்பமில்லை. அதற்கெல்லாம் அவருக்கு உரிமை உண்டு.

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களிடமும் வீடியோ போடுகிறவர்களிடமும் கேட்பது ஒன்றுதான். பின்னணிப் பாட்டை நிறுத்துங்கள், சட்டி பேசுவது கேட்கட்டும். ‘பச்சை வாசனை போகும் வரை’ என்று எழுதும்போது எதனுடைய பச்சை வாசனை, அது எங்கே குத்தும், போன இடத்தில் என்ன மணம் வரும் என்று எழுதுங்கள். ‘பொன்னிறமாக’ என்று எழுதுகிற இடத்திலெல்லாம், அப்போது எண்ணெய் என்ன ஓசை செய்யும், கரண்டிக்கு என்ன தட்டுப்படும் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.